சுவரில் தொங்கிய ஃபிரேம்

என் அறைச் சுவரில் ரொம்ப நாளாக ஒரு சைக்கிள் ஃபிரேம் தொங்கிக்கொண்டிருந்தது. அலுமினியம், மங்கலான நீல நிறம், பெரிய கீறல் எதுவும் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "நல்லாத்தானே இருக்கு, ஏன் சும்மா மாட்டி வெச்சிருக்கீங்க?" நன்றாகத்தான் இருந்தது. சிக்கலே அதுதான். நான் வாங்கிய ஃபிரேம்களிலேயே மலிவானது அது. கடைசியில் எனக்கு அதிகம் செலவு வைத்ததும் அதுதான். இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய உண்மை என்பது எனக்கு நெடுநாள் ஜீரணமாகவில்லை. யாராவது கேட்கும்போதெல்லாம் "அது ஒரு பெரிய கதை" என்று சொல்லி நழுவிவிடுவேன். அந்தக் கதைதான் இது.

ஃபிக்ஸட் கியர் என்றால் என்னவென்று இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வு கிடையாது, அவ்வளவுதான். ஒரு நண்பரின் சைக்கிளைப் பத்து நிமிடம் வாங்கி ஓட்டியதில் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வாங்குவதைவிட நானே ஒன்றைக் கட்ட வேண்டும் என்று தோன்றியது. கையைக் கடிக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. முதலில் ஒரு சக்கர ஜோடி அமைந்தது. பின்சக்கரத்தின் நடுவில் முறையான டிராக் ஹப், அதாவது ஓடுதளப் பந்தய சைக்கிளில் வரும் சக்கர நடுப்பகுதி: 120 மி.மீ. அகலம், பல்சக்கரம் ஏறும் திருகு, அதற்கு வெளியே எதிர்த்திசைத் திருகில் லாக்ரிங். காலால் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று வராமல் அந்த லாக்ரிங்தான் பிடித்துக்கொள்ளும். பிறகு பெடல் மாட்டும் கையான கிராங்க் கிடைத்தது, ஹேண்டில்பார் கிடைத்தது. மிச்சம் ஃபிரேம் மட்டும். கதவு ஜன்னலை எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு மனை தேடப் புறப்பட்டவன் கதைதான். அப்போது அது உறைக்கவில்லை.

நீல ஃபிரேமை விற்றவர் ஒரு கியர் சைக்கிளைப் பிரித்து உதிரியாக விற்றுக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமல் கிடந்த ஃபிரேமை ஏறக்குறைய சும்மாதான் கொடுத்தார். என் உயரத்துக்குச் சரியான அளவு, எடையும் குறைவு. கையில் தூக்கிப் பார்த்தபோதே மனதுக்குள் சைக்கிள் முழுதாக உருவாகிவிட்டது. அந்த நேரத்தில் நான் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு, அதாவது டிராப்அவுட், எந்தத் திசையில் இருக்கிறது என்பது.

அது செங்குத்தாக இருந்தது.

ஃபிரேம் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், மீதிக் கதையை ஊகித்துவிடுவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். கியர் சைக்கிளில் செயினின் தொய்வை, கியர் மாற்றும் கருவியான டீரெய்லரின் கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் எங்கே உட்கார்ந்தாலும் அதற்குக் கவலையில்லை, அதனால் பிளவு மேலிருந்து கீழாக இருக்கலாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டவும் அதுதான் சுலபம். ஃபிக்ஸட் கியரில் அந்தக் கை கிடையாது. பெடலை நிறுத்தினாலும் ஓடும் சாதாரண ஒற்றை கியர் சைக்கிளில் கீழ்ப்பக்கச் செயினை ஒரு சின்ன ஸ்பிரிங் உருளையால் அமுக்கிச் சமாளிக்கலாம். ஃபிக்ஸட் கியரில் அதுவும் முடியாது, ஏனென்றால் காலைப் பின்னோக்கி அழுத்தும்போது விசை முழுக்கக் கீழ்ச்செயினில்தான் வரும், உருளையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆக, செயினை இறுக்க ஒரே வழி சக்கரத்தையே பின்னால் இழுப்பது. அதற்குப் பிளவு கிடைமட்டமாக இருக்க வேண்டும். டிராக் ஃபிரேம்களில் அது பின்பக்கம் திறந்திருக்கும், பழைய ரோடு ஃபிரேம்களில் முன்பக்கம் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கும். எதுவானாலும் அச்சு முன்னும் பின்னும் நகர இரண்டு, மூன்று செ.மீ. இடம் இருக்கும். என் நீல ஃபிரேமில் அந்த இடம் பூஜ்யம்.

மந்திர கியர்

இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டதுதான் அடுத்த துரதிர்ஷ்டம். முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம் இரண்டின் பற்களையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால், செயின் தானாகவே கச்சிதமாக உட்காரும் ஒரு ஜோடி அமையும். ஆங்கிலத்தில் அதை 'மேஜிக் கியர்' என்கிறார்கள். ஏதாவது ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல் கூடினால், அச்சு உட்கார வேண்டிய இடம் ஏறத்தாழ 3.2 மி.மீ. முன்னே நகரும். செயினில் அரைக்கண்ணி ஒன்றைச் சேர்த்தால் 6.35 மி.மீ. பின்னே போகும். காகிதத்தில் கணக்குப் போடும்போது இதைவிட இன்பமான வேலை கிடையாது. இரண்டு இரவு உட்கார்ந்து போட்டேன்.

3.2 மி.மீ. உயரப் படிகள் கொண்ட படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் ஃபிரேமின் நீளம் இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தது. ஒன்று மாட்டவே முடியாத இறுக்கம், அடுத்தது தொளதொளவென்ற தொய்வு. அப்புறம் ஒரு நுணுக்கம் தெரிந்தது. பற்களின் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருந்தாலும் ஜோடியை மாற்றினால் அரை மி.மீ. அளவுக்கு வித்தியாசம் வரும். 44-க்கு 16 என்பதை 45-க்கு 15 என்று மாற்றினால் செயின் கொஞ்சம் இறுகும், ஏனென்றால் இரண்டு சக்கரங்களின் அளவு வித்தியாசம் கூடும்போது செயின் போகும் பாதையும் கொஞ்சம் நீளும். இந்த அரை மி.மீ.க்காக இன்னொரு முன்பல்சக்கரம், இன்னொரு பின்பல்சக்கரம் வாங்கினேன். அதுவும் போதாமல் போனபோது, அச்சின் இரண்டு முனைகளையும் அரத்தால் ராவி, பிளவுக்குள் முன்னும் பின்னும் துளி நகரும்படி செய்தேன். இதற்கிடையில் ஃபிரேமின் பின்பக்க அகலம் 130 மி.மீ., என் ஹப் 120 மி.மீ. அதற்காக நீளமான அச்சு ஒன்று, பக்கத்துக்கு 5 மி.மீ. வாஷர்கள். எக்சென்ட்ரிக் ஹப் என்று ஒன்று உண்டு, அச்சு ஹப்பின் நடுவில் இல்லாமல் சற்று விலகியிருக்கும், அதைச் சுழற்றிச் செயினை இறுக்கலாம். இந்தச் சிக்கலுக்கென்றே செய்தது. அதன் விலையைப் பார்த்ததும் மரியாதையாக விலகிக்கொண்டேன். ஆனால் அதற்குள் நான் செலவு செய்திருந்ததை யாராவது கூட்டிப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நான் கூட்டிப் பார்க்கவில்லை.

எல்லாம் ஒரு நாள் கச்சிதமாகப் பொருந்தியது. செயினை நடுவில் விரலால் அமுக்கினால் ஒரு செ.மீ. ஆடும், அதற்கு மேல் அசையாது. அவ்வளவு அழகு. ஓட்டினேன், சொர்க்கமாக இருந்தது. சில நூறு கிலோமீட்டர் வரைக்கும்.

செயின் தேயும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் தேயத் தேய, செயின் மொத்தமாக நீளும். நூறு கண்ணிச் செயின் 1270 மி.மீ. அது அரை சதவீதம் நீண்டால் 6 மி.மீ.க்குச் சற்று மேல். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் அந்தத் தொய்வு முழுக்க ஒரு பக்கச் செயினில் சேரும்போது, விரலால் மேலே தூக்கினால் மூன்று செ.மீ.க்கு மேல் எழும்பும். கிடைமட்டப் பிளவு இருந்தால் அச்சை மூன்று மி.மீ. பின்னால் இழுத்து நட்டை முடுக்கினால் தீர்ந்தது, ஐந்து நிமிட வேலை. என்னிடம் இழுக்க இடமில்லை. புதுச்செயின் வாங்க வேண்டும், அல்லது இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட வேண்டும். நான் விட்டேன்.

ஒரு இறக்கத்தில் செயின் கழன்றது. கால் சுற்றிக்கொண்டிருந்த வேகத்திலேயே பெடலில் பிடிமானம் இல்லாமல் போய், படியென்று நினைத்துத் தரையில் கால் வைத்தது மாதிரி ஒரு கணம் உடம்பு உள்ளே விழுந்தது. முன்பிரேக் இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செயின் பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையே சிக்கி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். ஃபிக்ஸட் கியரில் காலே பிரேக், தனியாகப் பிரேக் எதற்கு என்று யாராவது வீறாப்பாகப் பேசினால் இப்போதெல்லாம் நான் வாதம் செய்வதில்லை, பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அடுத்த நாள் ஃபிரேமைப் பிரித்துச் சுவரில் மாட்டினேன்.

எது மலிவு

இதன்பிறகுதான் ஒரு கருத்து என்னைக் குடைய ஆரம்பித்தது. மலிவான ஃபிரேம் என்று நாம் சொல்வது விலைச்சீட்டைப் பார்த்து. ஆனால் ஃபிரேம் தனியாக ஓடுவதில்லை. பின்பக்க அகலம் எந்த ஹப் வேண்டும் என்று சொல்கிறது. கிராங்க் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் திருகு எந்தக் கப், அதாவது பேரிங் உட்காரும் கிண்ணம், வாங்க வேண்டும் என்று சொல்கிறது. சீட் குழாயின் உள்விட்டம், ஹேண்டில்பார் உட்காரும் தலைக்குழாயின் அளவு, பிரேக் எட்ட வேண்டிய தூரம், இப்படி ஒவ்வொன்றும் ஒரு உத்தரவு. விற்பவர் சொல்லும் விலை அந்த உத்தரவுகளின் முதல் வரி மட்டும். அதனால் இப்போது ஒரு ஃபிரேமைப் பார்க்கும்போது எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை. நான் தப்பு செய்தால் இது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்றுதான் பார்க்கிறேன். செயின் நீண்டால், ஹப் அகலம் ஒத்துவராவிட்டால், நாளைக்கு எனக்கே மனம் மாறி வேறு கியர் வேண்டுமென்றால், அதற்கெல்லாம் இடம் இருக்கிறதா? நீல ஃபிரேம் எதையும் பொறுக்கவில்லை. அது மோசமான ஃபிரேம் அல்ல. தன் வேலைக்கு அது சரியாகவே செய்யப்பட்டிருந்தது. என் வேலைக்குத்தான் அது செய்யப்படவில்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் பழைய ஸ்டீல் ரோடு ஃபிரேம்தான் கண்ணில் படும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, ஃபிக்ஸட் கியர் கட்டுகிறவர்கள் தலைமுறையாகச் செய்துவருவது. ஐந்து கியர் காலத்து ஃபிரேமாக இருந்தால் பின்னகலம் 120 மி.மீ., அதாவது டிராக் ஹப்பின் அளவே. ஆறு, ஏழு கியர் வந்தபோது அது 126 ஆனது, பிறகு 130. முதல் இரண்டு காலகட்டத்து ஃபிரேம்களில் பெரும்பாலும் கிடைமட்டத்துக்கு நெருக்கமான பிளவுதான். டீரெய்லர் மாட்டும் கொக்கி ஒன்று வலதுபுறம் தொங்கும். சிலர் அதை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

கெய்ரின் ஃபிரேம் மோகமும் எனக்கு ஒரு வாரம் வந்துபோனது. ஜப்பானில் 1948-இல் கொக்குராவில் தொடங்கிய அந்த ஓடுதள சைக்கிள் பந்தயத்துக்காகக் கையால் செய்யப்பட்டு, அதற்கான அங்கீகாரமாக என்.ஜே.எஸ். முத்திரை வாங்கியவை. வீரர்கள் பயன்படுத்தி முடித்தபின் உலகம் முழுக்கச் சுற்றிவரும். படத்தில் பார்த்தாலே கண் கலங்கும். ஆனால் அவை பந்தய ஓடுதளத்துக்கானவை. பிரேக் மாட்ட, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் துளையே இருக்காது. அந்த இறக்கத்துக்குப் பிறகு துளையில்லாத ஃபோர்க் எனக்கு அழகாகத் தெரியவில்லை.

விரல் நுனியில் தேடுவது

அடுத்த சில மாதங்கள் பழைய ஃபிரேம்களைத் தடவிப் பார்ப்பதிலேயே போயின. தடவி என்பது சும்மா சொல்லவில்லை. முதலில் கை போகவேண்டிய இடம், தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் அடிப்பக்கம். எங்கேயாவது முன்பக்கமாக மோதிய சைக்கிள் என்றால் அந்த இடத்தில் குழாய் சன்னமாக நெளிந்து உப்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பெயிண்ட் மறைத்துவிடும், விரலுக்குத் தெரியும். மிக அழகான ஒரு சிவப்பு ஃபிரேமில் அப்படி ஒரு நெளிவு என் விரலில் தட்டுப்பட்டது. விற்றவருக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான் காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது. வாங்காமல் வந்தேன், ஆனால் ஏதோ நான்தான் அதை நெளித்தது போல வருத்தமாக இருந்தது.

இன்னொன்றில் சீட் போஸ்ட் அசையவில்லை. அலுமினிய போஸ்ட்டும் ஸ்டீல் குழாயும் ஈரத்தில் பல வருடம் ஒட்டிக்கிடந்தால் இரண்டும் துருவாலும் உப்பாலும் இறுகி ஒன்றாகிவிடும். "எண்ணெய் விட்டா வந்துரும்" என்றார் விற்றவர். வந்துவிடும் என்றால் அவரே விட்டிருக்கலாமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. உயரம் என் காலுக்கு ஒத்துவந்திருந்தால் ஒருவேளை அப்படியே வாங்கியிருப்பேன்.

வேறொன்று எல்லா விதத்திலும் சரியாக இருந்தது, பாட்டம் பிராக்கெட்டின் அகலத்தை அளக்கும்வரை. 68 மி.மீ. என்று எதிர்பார்த்தேன், 70 காட்டியது. இத்தாலியத் திருகு. ஆங்கிலத் திருகில் வலதுபக்கக் கப் இடதுதிசையில் முடுக்கப்படும், அதனால் பெடல் மிதிக்க மிதிக்கத் தளராது. இத்தாலியத்தில் இரண்டு பக்கமும் வலதுதிசைதான், விட்டமும் பெரிது. அதற்கும் பாகங்கள் இருக்கின்றன, விலைதான் கூட. பழைய பிரெஞ்சு ஃபிரேம் என்றால் 35 மி.மீ.க்கு 1 மி.மீ. திருகு, பாகம் தேடுவது இன்னும் பாடு. மலிவு என்று வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். திருகு எந்த வகை என்று பாகத்தைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள அந்தக் கப்பின் மேலேயே பொறித்திருப்பதைப் படிக்கலாம், அழுக்கைத் துடைத்தால் பெரும்பாலும் தெரியும். ஒரு பழைய பல் துலக்கி என் பையில் நிரந்தர உறுப்பினர் ஆனது இப்படித்தான்.

குழாயின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்டுச்சீட்டு உரிந்துபோன ஃபிரேமில் சீட் போஸ்ட்டின் விட்டம்தான் சாட்சி. 27.2 மி.மீ. என்றால் பெரும்பாலும் மெல்லிய சுவருள்ள நல்ல குழாய். 26-க்குச் சற்று மேல் என்றால் சுமார். 25.4 என்றால் தடித்த, கனமான குழாய். 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 போன்ற பெயர்களைச் சொல்லி மக்கள் உருகுவார்கள், உருகுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் எல்லா ஸ்டீலுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். நல்ல ஸ்டீல் வலிமை கூடியது, அதனால் சுவரை மெல்லியதாக்கி எடையைக் குறைக்க முடிகிறது, அவ்வளவே. ஒரு கிலோ கூடுதலைச் சுமப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை என்று முடிவு செய்த நாளில் தேடல் பாதியாகக் குறைந்தது.

நூல்

கடைசியில் அகப்பட்டது ஒரு பச்சை ஃபிரேம். பச்சை என்பது மரியாதைக்கு, பாதி துரு. பிளவு கிடைமட்டத்துக்கு நெருக்கம், ஆங்கிலத் திருகு, சீட் போஸ்ட் 26.4, ஃபோர்க்கில் பிரேக் துளை. 27 அங்குலச் சக்கரத்துக்குச் செய்தது, என்னிடம் இருப்பது 700சி. ரிம்மின் ஆரம் 4 மி.மீ. குறையும், பிரேக் கட்டையைச் சற்றுக் கீழே இறக்கினால் எட்டிவிடும். பின்னகலம் 126 மி.மீ. நீல ஃபிரேமைவிட விலை இரண்டு மடங்குக்கு மேல். தயங்கித் தயங்கித்தான் வாங்கினேன். ஆனால் ஏதோ கோணலாகப் பட்டது, பின்னாலிருந்து பார்த்தால். அதனால் பழைய சைக்கிள்களிலேயே ஆயுள் போன ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன். அவர் மடக்குப் பெஞ்சின் மேல் ஃபிரேமை வைத்துவிட்டு, அங்குமிங்கும் தேடி ஒரு நூல்கண்டை எடுத்து வந்தார்.

இந்த நூல் வித்தையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இடது டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, திரும்பவும் பின்னால் கொண்டுவந்து வலது டிராப்அவுட்டில் கட்ட வேண்டும். நடுவில் சீட் குழாய் நிற்கும். நூலுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் ஃபிரேம் நேர். அவர் ஸ்கேலை வைத்தார். வலது 27 மி.மீ., இடது 31.

என் வயிறு கலங்கியது. "வளைஞ்சிருக்கா அண்ணே?"

"வளைஞ்சுதான் இருக்கு" என்றார், நூலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உன் ஹப் எவ்வளவு?"

"நூத்திருபது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். "அப்ப உனக்கு நல்லதுதான் தம்பி. வலது பக்கத்தைத் தொடவே வேணாம். இடதை மட்டும் ஆறு மில்லி உள்ளே தள்ளினா ரெண்டு வேலையும் முடிஞ்சுரும்."

எனக்குப் புரியச் சில வினாடிகள் ஆயின. 126-ஐ 120 ஆக்க 6 மி.மீ. குறைய வேண்டும். யாரோ எப்போதோ முரட்டுத்தனமாக இழுத்ததில் இடதுபுறம் மட்டும் வெளியே போயிருந்தது. அந்த ஒரு பக்கத்தை உள்ளே கொண்டுவந்தால் அகலமும் சரியாகும், கோணலும் நேராகும். என் மனதில் இரண்டு குறைகளாக இருந்தவை அவர் கணக்கில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. வாஷர் வேண்டாம், நீள அச்சு வேண்டாம்.

ஃபிரேமைப் படுக்கவைத்தார். சீட் குழாயையும் தலைக்குழாயையும் நான் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, இடதுபுறக் குழாய் ஜோடியை மட்டும் இரண்டு உள்ளங்கையாலும் கீழே தள்ளினார். ஸ்டீல் ஸ்பிரிங் மாதிரி, இரண்டு செ.மீ. அமுங்கி, விட்டதும் திரும்ப மேலே வந்தது. அளந்தார். ஒன்றும் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தம். அளந்தார். ஒரு மி.மீ. உடம்பின் பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டினார். ஒவ்வொரு முறையும் விட்டு, அளந்து, மறுபடி. ஒரே மூச்சில் அழுத்திவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று எனக்குத் தோன்றியது, அவர் கை போன நிதானத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அலுமினியத்தில் இந்த வேலையை யாரும் செய்யமாட்டார்கள். வளைத்துத் திருத்துவதை அது தாங்காது, இன்று இல்லாவிட்டாலும் நாளை விரிசல் விடும். கார்பன் என்றால் பேச்சே இல்லை. நான் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் நினைவு முழுக்கச் சுவரில் தொங்கிய நீலத்தின் மேல்தான் இருந்தது. மாதக்கணக்கில் நான் பல்சக்கரங்களை மாற்றியும் அச்சை ராவியும் அதனுடன் மல்லுக்கட்டியிருந்தேன், ஒரு மயிரிழை கூட விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே ஒரு வயதான மனிதரின் இரண்டு உள்ளங்கைக்கு ஒரு ஃபிரேம் இணங்கி வந்துகொண்டிருந்தது.

120.5 வந்ததும் நிறுத்தினார். நட்டை முடுக்கினால் மிச்சம் சேர்ந்துகொள்ளும் என்றார். குழாய்கள் வளைந்ததில் இரண்டு டிராப்அவுட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. இரண்டிலும் நீளமான போல்ட் ஒவ்வொன்றை மாட்டி, முனைகள் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். சந்திக்கவில்லை. பெரிய ஸ்பேனரால் ஒரு திருகு, மறுபடி பார்வை, இன்னொரு திருகு. கடைசியில் இரண்டு முனையும் முத்தமிடுவது போல நின்றன. நூலை மறுபடி கட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் 27, இடதில் அரை மி.மீ. கூட இருந்திருக்கலாம். கூலி எவ்வளவு என்று கேட்டால், பாட்டம் பிராக்கெட் கப்பைக் கழற்ற முடியாமல் திரும்பி வருவாய், அப்போது சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். திரும்பித்தான் போனேன்.

நண்பரின் ஆட்சேபம்

இதையெல்லாம் கேட்ட அந்த நண்பர் — என்னைப் பைத்தியமாக்கியவர் — ஒரே வரியில் என்னைக் கவிழ்த்தார்: "இவ்வளவு அலைஞ்சதுக்கு முழுசா ஒரு சைக்கிளையே புதுசா வாங்கியிருக்கலாமே." அவர் சொல்வது சரிதான், அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதக்கூடாது. ஆரம்பநிலை ஃபிக்ஸட் கியர் சைக்கிள்களில் ஸ்டீல் ஃபிரேம், 120 மி.மீ. அகலம், பின்பக்கம் திறந்த பிளவு, ஒரு பக்கம் ஃபிக்ஸட் மறுபக்கம் காலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீல் மாட்டும் ஹப் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. உதிரியாகச் சேர்ப்பதைவிட முழுசாக வாங்குவது பெரும்பாலும் மலிவு, ஏனென்றால் உற்பத்தி செய்கிறவர்கள் பாகங்களை மொத்தமாக வாங்குகிறார்கள், நாம் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். ஓட்டுவது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால், தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். ஃபிரேமை மட்டும் தனியாகத் தேடுவதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும்: பாகங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, அல்லது கட்டுவதே ஆசை. எனக்கு முதலாவது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவதுதான்.

பச்சை ஃபிரேமிலும் குறை உண்டு. ரோடு ஃபிரேம் என்பதால் கிராங்க் அச்சு டிராக் ஃபிரேமைவிடத் தாழ்வு. திருப்பத்தில் சாயும்போதும் பெடலை நிறுத்த முடியாது, உள்பக்கப் பெடல் தரையைத் தட்டும். 170 மி.மீ. கிராங்கை 165 ஆக்கினேன், கொஞ்சம் தேவலை. கூர்மையான திருப்பத்தில் இன்றும் மெதுவாகத்தான் போகிறேன். கியர் 46-க்கு 17. 48-க்கு 16 வைத்தால், 48 மீதியில்லாமல் 16-ஆல் வகுபடுவதால், சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும்போது டயர் எப்போதும் ஒரே இடத்தில் தேயும். 17 பகா எண், முன்பல் 46 அதால் வகுபடாது, அதனால் தேய்மானம் 17 இடத்தில் பரவும். நான் சறுக்குவதே இல்லை என்பது வேறு விஷயம். கணக்கு பிடித்திருந்தது.

பச்சையின் டிராப்அவுட்டில் இப்போது பெயிண்ட் போய், நட்டு கடித்த தடங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் தடத்துக்கும் இப்போதைய தடத்துக்கும் இடையே நாலு மி.மீ. இருக்கும். ஒவ்வொரு முறை செயின் தொய்ந்தபோதும் சக்கரத்தை இழுத்து முடுக்கியதன் அடையாளம். பின்னால் இன்னும் ஒரு செ.மீ.க்கு மேல் மிச்சமிருக்கிறது.

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் கியர் சைக்கிள் கட்டப்போகிறேன், ஃபிரேம் இருக்குமா என்று வந்தான். சுவரிலிருந்து நீலத்தை இறக்கிக் கொடுத்தேன். டீரெய்லர் கொக்கியை நிமிர்த்திப் பார்த்தான், நேராக இருந்தது. செங்குத்துப் பிளவைத் தடவி, "சக்கரம் கழற்றி மாட்ட ஈஸிண்ணா" என்றான். ஆமாம் என்றேன். எவ்வளவு தரட்டும் என்றான். நான் கொடுத்த விலையை மட்டும் சொன்னேன். அவனால் நம்ப முடியவில்லை. "இவ்வளவு சீப்பாவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, நான் மனம் மாறுவதற்குள் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

45 பல் சக்கரம், 15 பல் சக்கரம், இரண்டு அரைக்கண்ணிகள், ராவிய அச்சு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். அச்சு மட்டும் வேண்டாம், அது யாருக்கும் ஆகாது.